பிரெஞ்சுக் காரும் மூஞ்சூறு சாமியாரும்

கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்பதற்கு அதுவரை இரண்டு காரணங்கள்தான் இருந்தன. மயிலம் மலைக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். டிரைவர் டீ குடிக்க இறங்குவார். எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் மூன்றாவதாக ஒரு காரணம் வந்து சேர்ந்தது. எலி.

"எலிச்சாமி பாக்குறவங்கல்லாம் ஜல்தியா எறங்குங்க!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் பாதி பஸ் காலியாகிவிடும். இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் எலி கடித்த சாமான் ஒன்று இருக்கும். கூறைப்புடவை, ரேஷன் கார்டு, பத்தாவது பாஸ் பண்ணிய சர்டிபிகேட்டு. மரக்காணத்திலிருந்து மீனவர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நடுக்கடலில் சுறா வலையைக் கிழித்தால் சத்தம் போடாமல் தைத்துக்கொள்கிற ஆட்கள் அவர்கள். வீட்டு மூலையில் எலி கடித்ததற்கு மட்டும் சாமியார் தேவைப்பட்டது.

கீற்றுக் கொட்டகை வாசலில் பெரிய போர்டு: 'ஸ்ரீலஸ்ரீ மூஷிகானந்த அடிகள். இமயமலையில் பன்னிரண்டு ஆண்டுகள் எலி மொழி பயின்றவர்.' இமயமலை எலி இந்தி பேசுமா, தமிழ் பேசுமா, அங்கே படித்த பாஷை திண்டிவனத்து எலிக்குப் புரியுமா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம். போர்டு படிக்கத் தெரியாதவர்கள் சுருக்கமாக மூஞ்சூறு சாமியார் என்றார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. வரிசையில் ஏழாவது ஆளாக, மடிப்புக் கலையாத வேட்டியில், கையில் ஒரு படி மல்லாட்டையோடு நின்றவர் அரசப்பன். வேர்க்கடலையைத்தான் அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள்; திண்டிவனத்தில் அதற்கு மண்டி வைத்திருப்பவர். காணிக்கை பணமாக வேண்டாம், ஆளுக்கு ஒரு படி மல்லாட்டை தோலோடு போதும் என்று சாமியார் சொல்லியிருந்தார். பணத்தைத் தொடாத மகான்!

அரசப்பனை ஏமாற்றுவது லேசான காரியம் இல்லை என்று ஊரே சொல்லும். அவர் மண்டியில் மூட்டை வந்து இறங்கினால், கொண்டுவந்தவன் யார் என்றே பார்க்கமாட்டார். சாக்குக்குள் முழங்கை வரை கையை விடுவார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். காதோரம் குலுக்குவார். காயின் மூக்கில் கட்டை விரலை வைத்து ஓர் அழுத்து. டப் என்று இரண்டாகப் பிளக்கும். பருப்பைப் பார்ப்பார், தேய்ப்பார், வாயில் போடுவார். உள்ளே பருப்பு இல்லாத வெறும் ஓட்டுக்கு மண்டி பாஷையில் பொக்கு என்று பெயர். நூறு காயில் பத்து பொக்கு இருந்தால், "பொக்கு! சரக்கு ரிட்டன்!" என்று ஒரே கத்து. மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். பெற்ற தகப்பன் கொண்டுவந்து போட்டாலும் உடைத்துப் பார்க்காமல் விலை சொல்லாத மனிதர்.

அப்படிப்பட்டவர்தான் சாமியார் முன்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"ஜனங்களே, பாருங்கள்!" என்றார் சாமியார். கண்ணாடி மூடி போட்ட ஒரு நீளமான மரப்பெட்டி. பெட்டியின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு பித்தளைத் தட்டு. இரண்டு தட்டிலும் தோலோடு மல்லாட்டை. ஒரு தட்டைச் சுற்றி மட்டும் மஞ்சள் கயிறு. நடுவில் ஒரு சின்னக் கதவு. சீடன் கதவைத் தூக்கினான். எலி வந்தது.

எலி கயிறு கட்டிய தட்டுக்குப் போனது. மோந்தது. மீசை ஆடியது. திரும்பி விறுவிறுவென்று அடுத்த கோடிக்கு ஓடி, கயிறில்லாத தட்டில் உட்கார்ந்து கறுக் கறுக்கென்று தின்றது.

"மூஷிகர் கட்டுப்பட்டார்!" என்று சாமியார் கையைத் தூக்கினார். மூன்று தரம் விட்டார்கள். மூன்று தரமும் எலி கயிற்றை மதித்தது. ஒரு கிழவர் மல்லாட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். சீடன் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டான். "தொடாத பெர்சு! மந்திரிச்ச காயி! கை பட்டா சக்தி எறங்கிப்புடும்!"

கிழவர் தன்னையே நொந்துகொண்டு பின்வாங்கினார். அரசப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவருக்கு எலியால் வந்த கஷ்டம் சின்னதில்லை. அவருடைய தகப்பனார், பாண்டிச்சேரியை விட்டுப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய கறுப்புக் கார் ஒன்று மண்டியை ஒட்டிய வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஸ்டியரிங் இடது பக்கம். ஊரில் அதற்குப் பெயர் பிரெஞ்சுக் காரு. ஆறு வருஷமாக அது ஓடவில்லை. ஓடாத காரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லாமல் இருந்தது, மகள் பவுனுக்கு விழுப்புரத்து வரன் வரும் வரைக்கும்.

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தகப்பனார் சீனுவாசன் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நகை கேட்கவில்லை, ரொக்கம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "சின்ன வயசுல திண்டிவனம் கடைத்தெருவுல உங்க அப்பா அந்தப் பிரெஞ்சுக் காருல போறதைப் பாத்துக்கினே நிப்பேங்க. எம்புள்ளை மாப்பிள்ளை அழைப்புல அந்தக் காருலதான் வரணும். அது ஓடுதில்ல?"

"ஜம்முனு ஓடுதுங்க!" என்று சொல்லிவிட்டார் அரசப்பன். சபையில் வெற்றிலைத் தட்டு மாறிவிட்டது. தை மாதம் முகூர்த்தம்.

மறுநாள் கொட்டகையைத் திறந்தால், சீட்டுக்குள் இருந்த குதிரைமயிர் தரையில் கிடந்தது. துணி சுற்றிய பழைய காலத்து ஒயர் ஒன்றுகூட முழுசாக இல்லை. விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் கண்ணையனை வரவழைத்தார். அவர் ஒயர் மாற்றினார். நாலே நாளில் எலி புது ஒயரையும் ருசி பார்த்தது. மறுபடி மாற்றினார். மறுபடி கடித்தது. மூன்றாம் தரம் கண்ணையன் பானெட்டை மூடிவிட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். காருக்குப் பக்கத்திலேயே உத்தரம் முட்ட மல்லாட்டை மூட்டை.

"மொதலாளி, இது இன்னா பெரிய விசயம்? மல்லாட்டை துன்ன வருது எலி. துன்னுப்புட்டு பல்லு ஊறுதுன்னு ஒயரைக் கடிக்குது. மூட்டையத் தூக்கி வேற எடத்துல போடுங்க. செவுத்து ஓட்டையெல்லாம் கம்பி வலை வச்சி அடைங்க. ஒரு பூனை வளருங்க. அவ்ளோதான்."

அரசப்பனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவ்ளோதானா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிரெஞ்சுக் காருக்கு வந்த நோய்க்குப் பூனையும் கம்பி வலையும் வைத்தியமா? இதைச் சொல்ல விழுப்புரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கா? வைத்தியம் சுலபமாக இருந்தால் நம் ஜனங்களுக்கு நோயின் மேலேயே மரியாதை போய்விடும். மண்டித் தரகர் விருத்தாசலம்தான் அப்போது கூட்டேரிப்பட்டு விலாசம் சொன்னார்.

சாமியார் அரசப்பனைக் கண்ணை மூடிக்கொண்டு விசாரித்தார்.

"உன் கொட்டகையில் நிற்பது என்ன?"

"காருங்க சாமி."

"கார் என்றால் என்ன?"

"பிரெஞ்சுக் காருங்க."

"மடையா! கார் என்றால் வாகனம். பிள்ளையாரைச் சுமக்கும் மூஞ்சூறு என்ன?"

"எலிங்க சாமி."

"அதுவும் வாகனம்! ஒரே கொட்டகையில் இரண்டு வாகனம். ஒன்றுக்கு நாலு சக்கரம், ஒன்றுக்கு நாலு கால். பெரிய வாகனத்தைப் பார்த்துச் சின்ன வாகனத்துக்கு வயிறு எரியுமா, எரியாதா?"

அரசப்பன் யோசித்தார். எதிர் மண்டிக்காரர் ஜீப் வாங்கியபோது, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தனக்கு வயிறு எரிந்தது ஞாபகம் வந்தது. "எரியும் சாமி" என்றார் நெகிழ்ந்து.

பரிகாரம் பிறந்தது. மந்திரித்த மஞ்சள் கயிற்றைக் காரைச் சுற்றி ஒன்பது சுற்றுக் கட்ட வேண்டும். தினம் காலையில் காரின் பின் சீட்டில் வாழையிலை போட்டு, மூஷிகருக்கு ஒரு படி மல்லாட்டை படைக்க வேண்டும். பூனை அந்தப் பக்கமே வரக்கூடாது. சுவர் ஓட்டையை அடைக்கவே கூடாது. அது வாகனம் வந்துபோகிற ரோடு.

கண்ணையன் சொன்ன மூன்றையும் தலைகீழாகச் செய்தால் எப்படியிருக்கும்? அதுதான் பரிகாரம். ஆனால் கண்ணையன் சட்டையில் கிரீஸ் இருந்தது. சாமியார் நெற்றியில் விபூதி இருந்தது.

கார்த்திகை மாதம் முழுக்க அரசப்பன் குளித்து முழுகி, ஈர வேட்டியோடு பின் சீட்டில் மல்லாட்டை படைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டேரிப்பட்டுக்கும் ஒரு படி காணிக்கை போனது. மறுநாள் பார்த்தால் இலையில் ஒரு காய் இருக்காது. ஓடு மட்டும் கிடக்கும். "சாமி ஏத்துக்கிச்சு!" என்று அவர் மனைவி லட்சுமியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எலி மல்லாட்டை தின்றால் அதிசயம் என்று, மல்லாட்டை வியாபாரி வீட்டிலேயே முடிவாகிவிட்டது.

செய்தி பரவியது. தெருக்காரர்கள் காரைப் பார்க்க வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். ஒருத்தி பம்பருக்கு மஞ்சள் பூசினாள். ஒருத்தி வைப்பருக்குப் பொட்டு வைத்தாள். கல்யாணமாகாத பெண்கள் காரை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பிள்ளையில்லாதவர்கள் ஒன்பது சுற்று. பரீட்சை எழுதுகிற பையன் ஒருவன் நாலு டயருக்கும் தனித்தனியாகத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு, ஸ்டெப்னிக்குப் போடவில்லையே என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்தான். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பொரியும் கொழுக்கட்டையும் சீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். திண்டிவனத்து எலிகளுக்கு அப்படி ஒரு கார்த்திகை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இன்னொன்றும் நடந்தது. தரகர் விருத்தாசலம் வாரா வாரம் கூட்டேரிப்பட்டிலிருந்து நல்ல சரக்கு கொண்டுவந்தார். அரசப்பன் கையை விட்டு, அள்ளி, உடைத்து, மென்று, "ஒண்ணாம் நம்பரு!" என்று வாங்கிப் போட்டார். அது யார் காட்டில் விளைந்தது என்று அவர் கேட்கவில்லை. கொண்டுவந்தவனை அவர்தான் பார்க்கமாட்டாரே.

மார்கழி பிறந்து பத்து நாளில், ஒயரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று கண்ணையன் வந்தார். பானெட்டைத் திறந்தார். உடனே மூடினார்.

"மொதலாளி, உள்ள ஒயரே இல்ல."

"கடிச்சிடுச்சா?"

"கடிக்கல. துன்னுப்புட்டு ஏப்பம் வுட்டுடுச்சி. உங்க மஞ்சக் கயிறு எங்க?"

ஒன்பது சுற்றில் ஏழு சுற்றைக் காணவில்லை. மீதி இரண்டும் நூல் நூலாகத் தொங்கின. எலியைக் கட்ட வந்த கயிற்றை எலி தின்றிருந்தது. கண்ணையன் ஸ்டியரிங் பக்கத்தில் சாமான் வைக்கிற சின்ன அறையைத் திறந்தார். உள்ளே ஓர் எலி, சிவப்பாக எட்டுக் குட்டி, அவற்றுக்கு மெத்தையாகச் சுக்குச் சுக்காகக் கிழிந்த காகிதம். அரசப்பன் ஒரு துண்டை எடுத்துப் படித்தார். 'அன்புள்ள பவு' என்று இருந்தது. மற்றொரு துண்டில் 'உன் நினைவாகவே' என்று இருந்தது. அதற்கு மேல் எலி படிக்க விடவில்லை.

வாசலில் நின்ற பவுனு முகம் சிவந்துவிட்டாள். நிச்சயம் ஆனதிலிருந்து விழுப்புரத்து வாத்தியார் எழுதிய மூன்று கடிதங்கள் அவை. வீட்டில் எங்கே வைத்தாலும் அம்மா கண்ணில் படும் என்று, சாமி கும்பிடுகிற சாக்கில் காருக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அவளுக்கு வெட்கம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அதற்கப்புறம் கோபம்.

அரசப்பன் அன்றைக்கே கூட்டேரிப்பட்டுக்கு ஓடினார். கயிற்றைத் தின்றதைச் சொன்னார். "பிரசாதமாக உட்கொண்டார்" என்றார் சாமியார். குட்டி போட்டதைச் சொன்னார். சாமியார் திடுக்கிட்டார்.

"என்ன? மூஷிகர் வாகனத்துக்குள்ளேயே பிரசவித்துவிட்டாரா? தீட்டாச்சே! இந்தத் தையில் அந்த வீட்டில் மணமேடை போட்டால் பெண் வாழமாட்டாள். அடுத்த தைக்குத் தள்ளிப் போடு. அதுவரை படையல் இரண்டு படியாகட்டும்."

பெண் வாழமாட்டாள் என்ற வார்த்தை அரசப்பனை அடித்துப் போட்டது. ஒரே மகள். வீட்டுக்கு வந்ததும் இன்லண்டு கடிதத்தை எடுத்து, 'சம்பந்தி அவர்களுக்கு, தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று எழுத ஆரம்பித்தார். எலிக்குப் பிரசவம் என்பதை ரிட்டயர்டு கார்டுக்கு எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை.

அதுவரை காத்திருந்த கண்ணையன் மெதுவாகக் கேட்டார். "மொதலாளி, எலி மாசா மாசம் குட்டி போடும். மாசா மாசம் தீட்டு. அப்ப நம்ம பொண்ணுக்குக் கல்யாணம் எப்ப?"

"நீ பேசாத கண்ணையா. எம்பொண்ணு உசுரு."

பவுனு அந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, ஒரு வருசம் கழிச்சி வாங்கன்னா அவங்க வருவாங்களா? வேற பொண்ணு பாத்துக்கினு போயிடுவாங்க. நான் ஒண்ணு கேக்குறேன். அந்தச் சாமி நம்ம மண்டிக்கு வரட்டும். எல்லாரு எதுருலயும் எலிய வுட்டுக் காட்டட்டும். எலி கயித்துக்குக் கட்டுப்பட்டா, நானே உக்காந்து இந்த லெட்டரை எழுதிக் கொடுக்கிறேன். கட்டுப்படலன்னா கல்யாணம் நடக்கும்."

சாமியாருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? அடுத்த திங்கட்கிழமை காலை ஏல நேரத்தில், சீடன் தலையில் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் எலிக்கு டிக்கெட் போடவில்லை.

மண்டி முற்றம் நிரம்பி வழிந்தது. வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், விதைக்காக மல்லாட்டை உடைக்கிற பெண்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பெண்களில் மூத்தவள் அஞ்சம்மாள். கூலிக்கு உடைக்கிறவள். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கட்டை விரலால் டப் டப் என்று உடைத்துக்கொண்டே இருப்பாள். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து பெட்டியருகில் குந்தினாள்.

சீடன் பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்தான். தட்டில் கொட்டினான். கயிறு கட்டினான். கதவைத் தூக்கினான். எலி கயிறு கட்டிய தட்டை மோந்தது. திரும்பியது. அடுத்த தட்டுக்கு ஓடித் தின்றது.

"மூஷிகர் கட்டுப்பட்டார்!" கூட்டம் கும்பிட்டது. லட்சுமியம்மாள் அழுதேவிட்டாள். பவுனு உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவைக் கையில் எடுத்தாள். அதைப் பார்த்தபோது அரசப்பனுக்குச் சாமியார் ஜெயித்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

"சாமி," என்றாள் அஞ்சம்மாள், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கயித்த அந்தத் தட்டுலேர்ந்து அவுத்து இந்தத் தட்டுல கட்டு. அப்பறம் எலிய வுடு. பாப்போம்."

"மந்திரத்தை அவிழ்க்கக் கூடாது!"

"செரி, அது கெடக்கட்டும். கயிறு கட்டுன தட்டுல கெடக்குற காயிக்கெல்லாம் மூக்குல இன்னாத்துக்குக் கோந்து வழிஞ்சிக்கினு இருக்குது?"

சாமியார் முகம் ஒரு நொடி மாறியது. அடுத்த நொடி உறுமினார். "தூரப் போ! மந்திரக் காயை யார் தொட்டாலும் பத்து விரலும் எலி வாலாகிவிடும்!"

முற்றத்திலிருந்த வியாபாரிகள் அத்தனை பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அரசப்பனும்தான்.

அஞ்சம்மாள் எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "மொதலாளி, முப்பது வருசமா இந்த மண்டியில நிக்கிறீங்க. ஒரு மூட்டையாவது உடைச்சிப் பாக்காம எடுத்துக்கிறீங்களா?"

"இல்ல."

"போன வருசம் எங்க ஊட்டுக்காரரு கொண்டாந்து போட்டாரே, அது?"

"பதினோரு காயி உடைச்சேன்."

"நெலத்துல குனிஞ்சி நிமுந்து வெளைய வச்சவன் மேல சந்தேகம். பதினோரு காயி. இவரு மேல மட்டும் ஒரு காயி அளவுக்குக்கூட சந்தேகம் இல்லியா? நாங்கல்லாம் திருடங்க, இவரு சாமியா? உடைங்க மொதலாளி."

அரசப்பன் தன் கையைப் பார்த்தார். கட்டை விரல் நகம் முப்பது வருஷத்துக் கறை ஏறிக் கிடந்தது. அது எலி வாலானால்? சாக்குக்குள் எப்படிக் கையை விடுவது? சாதம் எப்படிப் பிசைவது?

"அப்பா," என்றாள் பவுனு. "வெரலு எலி வாலு ஆனா ஆவட்டும்பா. ஆயுசுக்கும் நான் சோறு ஊட்டுறேன். நீ உடை."

அரசப்பன் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டார். கயிறு கட்டிய தட்டிலிருந்து ஒரு காயை எடுத்தார். கையில் எடுத்ததுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது; கனமே இல்லை. காதோரம் குலுக்கினார். சத்தமில்லை. மூக்கில் அழுத்தினார். டப்.

உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்று. டப். அதிலும் இல்லை. மூன்றாவது, நாலாவது. அரசப்பனுக்குப் பயம், பக்தி, விரல் எல்லாம் மறந்துபோனது. அடிவயிற்றிலிருந்து அந்த முப்பது வருஷத்துச் சத்தம் கிளம்பியது.

"பொக்கு! சரக்கு ரிட்டன்!"

மந்திரம் புரியாத வியாபாரிகளுக்கு இந்த வார்த்தை நன்றாகப் புரிந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளெல்லாம் முன்னால் வந்தன. ஆளுக்கொரு காய். டப் டப் டப். அத்தனையும் பொக்கு. பருப்பை எடுத்துவிட்டு, ஓட்டைப் பழையபடி கோந்து போட்டு ஒட்டிய பொக்கு. எல்லோரும் ஒருமுறை தங்கள் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். பத்தும் விரலாகவே இருந்தன.

"பக்தர்களே," என்றார் சாமியார். "பொக்கு என்பது சூனியம். சூனியம் என்பதே பரம்பொருள்."

"பரம்பொருளைத் தராசுல வச்சா முள்ளு அசையலியே சாமி!" என்று ஒரு வியாபாரி கத்தினார்.

அஞ்சம்மாள் தன் முறத்திலிருந்து நல்ல காய் ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டாள். சாமியார் பையிலிருந்த மஞ்சள் கயிறு முழுவதையும் அதைச் சுற்றிக் கட்டினாள். எலியை விட்டாள். எலி நேராக வந்தது. வழியை மறித்த கயிற்றை நறுக்கென்று கடித்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து தின்றது.

சாமியார் ஓடப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள் விடவில்லை. அடிக்கக் கையை ஓங்கியவர்களை அஞ்சம்மாள் தடுத்தாள். "அடிச்சி இன்னா ஆவப் போவுது? எங்களுக்கு வேலை கெட்டுப் போச்சி. உக்காந்து உடைக்கட்டும்!" ஒரு மூட்டையை அவிழ்த்து அவர் முன்னால் கொட்டினார்கள். போலீஸுக்கு ஆள் போயிருந்தது.

சாமியார் உடைத்தார். முற்றம் வாயைப் பிளந்தது. டப் டப் டப் டப். ஓடு கொஞ்சமும் நசுங்காமல் இரண்டு பாதியாகத் திறந்தது. பருப்பு சிவப்புத் தோல் உரியாமல் விழுந்தது. அஞ்சம்மாளே அப்படி உடைத்ததில்லை.

"யோவ்! நீ எந்த மில்லு?" என்றாள்.

"வளவனூர்ப் பக்கம்," என்றார் சாமியார் தலையைக் குனிந்துகொண்டு. "வெதக் காயி உடைச்சிக்கினு இருந்தேன். எம்பேரு பெரியதம்பி."

இமயமலை வளவனூர்ப் பக்கம்தான் இருந்திருக்கிறது. காணிக்கை மல்லாட்டை என்னவாயிற்று என்று கேட்டபோது, சீடன் அழுதுகொண்டே தரகர் விருத்தாசலத்தைக் கை காட்டினான். வெள்ளிக்கிழமை அரசப்பன் கொடுத்த மல்லாட்டையைத்தான் திங்கட்கிழமை அரசப்பன் உடைத்துப் பார்த்து, ஒண்ணாம் நம்பர் என்று விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இப்பிடி ஏமாத்திட்டியேடா!" என்றார் அரசப்பன்.

பெரியதம்பி நிமிர்ந்தார். "நானாங்க ஏமாத்துனேன்? எலிப் பாசை தெரியும்னு சொன்னேன். எங்க, ஒரு வார்த்தை பேசிக் காட்டுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அந்த எலிகூட மோந்து பாத்துதாங்க முடிவு பண்ணுச்சி."

சொல்லிவிட்டு மறுபடி மல்லாட்டைக் குவியல் பக்கம் குனிந்தார். போலீஸ்காரர் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை டப் டப் சத்தம் மட்டும் கேட்டது.

மூட்டைகள் கொட்டகையை விட்டுப் போயின. கண்ணையன் சுவர் ஓட்டைகளைக் கம்பி வலை வைத்து அடைத்து, புது ஒயர் போட்டார். தன் பட்டறையிலிருந்து கிரீஸ் நிறத்தில் ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார். பதினைந்து நாளில் எலி என்ற பேச்சே இல்லை. தை மாதம் மாப்பிள்ளை அழைப்பில் பிரெஞ்சுக் கார் கடைத்தெருவில் ஜம்மென்று ஓடியது. சம்பந்தி சீனுவாசன் மகனைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் டிரைவர் பக்கம் எட்டி எட்டி ஹாரனை அடித்தார். வாத்தியார் மாப்பிள்ளை பவுனுக்கு மூன்று கடிதத்தையும் மறுபடி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். அரசப்பன் தெருவில் நின்று வாய்விட்டு அழுதார். சந்தோஷம்தான்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அரசப்பன் கொட்டகைப் பக்கம் போனார். வாசலில் செருப்புக் கிடந்தது. உள்ளே ஓர் அம்மாள், கார் மேல் படுத்திருந்த பூனைக்குக் குங்குமம் வைத்து, கிண்ணத்தில் பால் வைத்து, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். பூனை எரிச்சலோடு தும்மியது.

"மொதலாளி, எலியவே வெரட்டுன பூனையாமே," என்றாள் அவள் பயபக்தியோடு. "இதுக்கு எத்தினி சுத்து சுத்தணும்?"

அரசப்பனுக்குத் தலை சுற்றியது. அவளோடு பேசிப் பிரயோசனமில்லை என்று, மடியிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். "ஒண்ணும் சுத்த வேணாம். இதை உடைச்சிப் பாரு, அது போதும்."

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தானையில் பத்திரமாக முடிந்துகொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினாள்.

மண்டி முற்றத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த அஞ்சம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்று கூவினாள்.

"ஏம்மா! முடிஞ்சிக்கினு போறியே, உள்ள பருப்பு இருக்குதான்னு நீ பாக்கவே மாட்டியா?"